எனக்கு ஏன் சொல்லவில்லை, பாய்?



எங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் பொறுப்பில் நாங்கள் மூவர் இருக்கிறோம். ஏழைகள், விதவைகள், கடன்பட்டோர், நோயாளிகள் என்று ஒரு பட்டியல் எங்கள் வசம் உண்டு. ரமளானில் ஃபித்ரா அரிசி, மாதந்தோறும் ஒரு சிறு தொகை, பெருநாளுக்குத் துணி. பட்டியலில் உள்ள பெயருக்கு நேரே கையொப்பம் வாங்கிவிட்டால் அந்த மாதத்துக் கடமை முடிந்தது என்ற நிம்மதியுடன் வீடு திரும்புவோம். அப்படிக் கையொப்பமிட முடியாத ஒரு பெரியவரும் அந்தப் பட்டியலில் இருந்தார். அவருக்கு மட்டும் பெருவிரல் ரேகை. அதுவும் ஒழுங்காகப் பதியாது. தீயில் வெந்து ஆறிய விரல் அது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பட்டாசு ஆலையில் மருந்து கலப்பதும் செலுத்துவதும் தனித்தனிச் சிறு அறைகளில் நடக்கும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி இவை சேர்ந்த கலவைக்கு ஓர் உராய்வு போதும். கோடை வெயிலில் அது இன்னும் எளிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தை நாடே பேசியது. ஆனால் ஒருவர், இருவர் கருகும் விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தியோடு முடிந்துபோகின்றன. எங்கள் பெரியவர் அத்தகைய ஒரு பத்திக்குள் வந்தவர். இரு கைகளும், முகத்தின் ஒரு பக்கமும், ஒரு கண்ணும் போயின. மற்றக் கண்ணில் மங்கலான பார்வை. மனைவி முன்னரே மறைந்துவிட்டார். மகள் அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, மாதம் ஒரு முறை வந்து போகிறார். ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டார் சோறு கொடுத்துவிடுவார்கள்.

ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு எழுந்தது. வியாழக்கிழமை தோறும் மாலையில் ஒரு கிறிஸ்தவர் அந்தப் பெரியவர் வீட்டுக்கு வருகிறாராம். கையில் பையாம்; பைக்குள் புத்தகமாம். மூத்தவர் ஒருவர் குரலை உயர்த்தினார்: "நம்ம ஆளை இழுக்கப் பாக்குறாங்க. நீங்க மூணு பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" எங்களுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. எங்கள் பட்டியலில் உள்ள மனிதரிடம் வேறொருவர் கை வைக்கிறார் என்ற எரிச்சல் அது. ஈமானைப் பற்றிய கவலை என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

அடுத்த வியாழன் மூவருமாகச் சென்றோம். கதவு திறந்தே இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, பெரியவரின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். தழும்பு இழுத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கை அது. நகவெட்டியை நுழைப்பதற்கே இடமில்லை. வெந்நீர்க் கிண்ணத்தில் கையை ஊறவைத்து, ஒவ்வொரு நகமாக, அவசரமின்றி வெட்டினார். எங்களைக் கண்டதும், "வாங்க பாய், உக்காருங்க. இன்னும் ரெண்டு விரல்தான்" என்றார். நாங்கள் உட்காரவில்லை. கண்டிப்பதற்காகச் சென்றவர்கள் எப்படி உட்காருவது?

அதற்குள் மஃரிப் பாங்கு ஒலித்தது. அவர் எழுந்து, குவளையில் நீர் மொண்டு வந்து, பெரியவரின் கைகளிலும் முகத்திலும் கால்களிலும் ஊற்றினார். எத்தனை முறை, எந்த வரிசையில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த முஸல்லாவை எடுத்துச் சரியாகக் கிப்லாவை நோக்கி விரித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பெரியவருக்குப் பின்னால் நாங்களும் தொழுதோம். அன்று எங்கள் தொழுகையில் மனம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். வாரத்தின் மற்ற ஆறு நாள்களில் இவருக்கு ஒளூச் செய்ய நீர் ஊற்றுபவர் யார் என்ற கேள்வி ருகூவிலும் ஸுஜூதிலும் கூடவே வந்தது.

தெருமுனைத் தேநீர்க் கடையில் அவரிடம் பேசினோம். லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். அண்ணாச்சி என்றுதான் அழைத்தோம். அவர் எங்களை விட மூத்தவர். மைத்துனரைப் பார்த்துக்கொள்ள மதுரை மருத்துவமனையில் இருந்தபோது, அடுத்த கட்டிலில் கிடந்தவர் எங்கள் பெரியவர். அங்கே தொடங்கிய பழக்கம். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டாம்: ஒருவர் ஒரு மனிதரைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும்; அவருடன் நடக்க வேண்டும்; பலரை ஒரே நேரத்தில் தேடி ஓடக் கூடாது. சீடத்துவம் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

நேராகவே கேட்டோம், அவரை உங்கள் மதத்துக்கு அழைத்தீர்களா என்று. அவர் மறைக்கவில்லை.

"சொன்னேன் பாய். இயேசுவப் பத்தி ஒரே ஒரு தடவ சொன்னேன். வேண்டாம்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"வேண்டாம்னு சொன்னதுக்காக வராம இருந்தா, நான் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிருமே."

இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

பெரியவரிடம் பின்னொரு நாள் தனியே கேட்டோம்: இவர் வருவதை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை? அவர் மங்கிய கண்ணால் எங்கள் திசையில் பார்த்துச் சொன்னார்: "நீங்க எப்ப வந்தாலும் நின்னுக்கிட்டே பேசுவீங்க. அவர் உக்காருவார்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஜமாஅத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னோம். அந்த மனிதர் வருவதைத் தடுத்துவிடலாம் என்று சிலர் கருதினார்கள். தடுத்தால் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும் என்றோம். உடனே அட்டவணை ஒன்று தயாரானது. கிழமைக்கு ஒருவர் என்று ஏழு பேர். மூன்று வாரத்தில் ஏழு இரண்டாகிவிட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அந்த அண்ணாச்சியின் வழி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது சிவகாசி மண்ணிலேயே அதற்கு ஒரு பழைய வேர் இருப்பதை அறிந்தோம். தாமஸ் கஜெட்டன் ராக்லாண்ட் என்ற ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணித் தேர்ச்சி பெற்றவர். அங்கேயே பெரிய பதவியில் இருந்திருக்கலாம். சர்ச் மிஷனரி சொசைட்டியின் சார்பில் சென்னைக்கு வந்து, 1854 முதல் அன்றைய வடதிருநெல்வேலியில், அதாவது நம்முடைய சிவகாசி, சாத்தூர் பக்கம், கூடாரம் அடித்து ஊர் ஊராக நடந்தார். தெற்கிலிருந்து தமிழ் உபதேசிமார்கள் முறைவைத்து வந்து உடன் நடந்தார்கள். நுரையீரல் நோய் அவரிடம் முன்பே இருந்தது. 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே மாண்டார், வயது 43. அவர் வாழ்நாளில் கண்ணுக்குத் தெரிந்த பலன் சொற்பம். டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் பின்னாளில் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆங்கில ஆட்சியின் நிழலில் வந்தவர்கள் இவர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அந்த நிழல் அவர்களுக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது. ஆயினும் பட்டாசும் தீப்பெட்டியும் வருமுன்பே, வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாத இந்தக் கரிசல் காட்டில் அவர் நடந்த நடையை ஆட்சி நடந்துகொடுக்கவில்லை.

சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் என்று ஓர் ஊர். கிறிஸ்தவப் பள்ளிகளும் ஆலயமும் உள்ள இடம். பேருந்தில் அந்தப் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். ஷஹாதா என்ற சொல்லுக்கும் அதே பொருள்தானே என்பது இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் உறைத்தது. அல்பகராவில் அல்லாஹ் இந்த உம்மத்தை மனிதர்களுக்குச் சாட்சியாளர்களாக ஆக்கியிருப்பதாகக் கூறுகிறான். நாம் அந்தச் சொல்லைத் தினமும் ஐந்து வேளை அத்தஹிய்யாத்தில் விரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, அதே விரலால் பட்டியலில் டிக் அடிக்கிறோம்.

எண்ணிக்கை மோகம் எல்லாருக்கும் உண்டு. 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பெருந்திரளாக இஸ்லாத்தை ஏற்றபோது நாடு முழுவதும் எண்ணிக்கையைத்தான் பேசினார்கள். மகிழ்ந்தவர்களும் எண்ணினார்கள், அஞ்சியவர்களும் எண்ணினார்கள். ஆனால் மக்காவில் அண்ணலார் (ஸல்) அவர்களின் அழைப்பு எப்படித் தொடங்கிற்று? கதீஜா, அலீ, ஸைத், அபூபக்ர் (ரலியல்லாஹு அன்ஹும்) என்று ஒவ்வொருவராக. அபூபக்ர் (ரலி) தம் நம்பிக்கைக்குரிய தோழர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்தார்கள். உஸ்மான், ஸுபைர், தல்ஹா (ரலி) எல்லாம் அப்படி வந்தவர்கள். உமர் (ரலி) வாளோடு தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கே கூட்டமா இருந்தது? கப்பாப் (ரலி) ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் குர்ஆன் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குறைஷித் தலைவர்கள் மீதிருந்த கவனத்தில் பார்வையற்ற ஒரு தோழர் கேட்டு வந்ததைப் பொருட்படுத்தாததற்காக அபஸ அத்தியாயம் இறங்கிற்று. கைபரில் அலீ (ரலி) அவர்களிடம், உம் மூலம் ஒரே ஒருவருக்கு நேர்வழி கிடைப்பது செந்நிற ஒட்டகங்களை விட உமக்கு மேலானது என்ற கருத்தை நபிகளார் சொன்னார்கள். படை நடத்தப் போகும் ஒருவரிடம் சொன்ன சொல் அது.

தாயிஃபை எண்ணிப் பாருங்கள். கல்லடி பட்டு, கால்களில் குருதி வழிய ஒரு திராட்சைத் தோட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். தோட்டத்துக்காரர்கள் அத்தாஸ் என்னும் கிறிஸ்தவ அடிமையிடம் ஒரு குலை கொடுத்தனுப்பினார்கள். பிஸ்மில்லாஹ் என்று கூறி நபிகளார் கை நீட்டியதைக் கேட்டு அவர் வியந்தார். இந்நாட்டார் இப்படிச் சொல்வதில்லையே என்றார். நபிகளார் முதலில் செய்தது என்ன? நீர் எந்த ஊர், உம் மார்க்கம் என்ன என்று கேட்டார்கள். நீனவா என்றதும், நல்லடியார் யூனுஸின் ஊரா என்றார்கள். ஓர் ஊரே புறக்கணித்த பயணத்தில், ஓர் அடிமையின் சொந்த ஊரைக் கேட்டறிய அவர்களுக்கு நேரம் இருந்தது.

நாங்கள் அண்ணாச்சியின் ஊரைக் கேட்கவே இல்லை.

இதை அவரே எங்களுக்கு உணர்த்தினார். சென்ற மழைக்காலத்தில் ஒரு வியாழன். இப்போதெல்லாம் நாங்களும் தரையில் உட்காருகிறோம். நோயாளியை விசாரிக்காதவனிடம் மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றபோது நீ வரவில்லையே என்று கேட்பான் என்ற ஹதீஸை ஒருவர் எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி நிமிர்ந்து, மத்தேயு சுவிசேஷத்திலும் இதே போல வருகிறது என்றார். பேச்சு வளர்ந்தது. திடீரென்று கேட்டார்:

"நான் வந்து அவர்கிட்டச் சொல்லிட்டேன்னு உங்க பள்ளிவாசல்ல கோபப்பட்டீங்க. சரி. இருபத்தெட்டு வருசமா பாய்மாரோட ஒரே அச்சகத்துல நிக்கிறேன். பெருநாளைக்கு பிரியாணி குடுத்திருக்கீங்க. ஒருத்தர்கூட உங்க மார்க்கம் என்னன்னு எனக்குச் சொன்னதில்ல. எனக்கு ஏன் சொல்லவில்லை, பாய்? நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னா?"

பெரியவர்தான் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை, மார்க்கத்தைப் பேசவே வேண்டாம் என்பதாக நாங்கள் வசதியாக மாற்றிக்கொண்டிருந்தோம். நேர்வழி தருபவன் அல்லாஹ். அவன் செய்வதை எங்களால் செய்ய இயலாது. எடுத்துச் சொல்வது எங்களால் இயன்றது, அதைத்தான் செய்யவில்லை.

அன்றே தொடங்கினோம். தவ்ஹீதைச் சொன்னோம். ஈஸா (அலை) அவர்களை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் என்பதையும், எந்த இடத்தில் எங்கள் வழி பிரிகிறது என்பதையும் மழுப்பாமல் சொன்னோம். சிலுவை பற்றி வந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "சரி, மேல சொல்லுங்க" என்றார். அவர் ஒப்பவில்லை. ஒப்புவார் என்று நாங்கள் கணக்குப் போடவும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டோம். சாத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். தாத்தா காலத்தில் பஞ்சத்தில் பெயர்ந்து வந்தவர்களாம்.

படிக்க வேண்டும் என்று கேட்டதால், அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்குவதற்கு முன் தம் கைகளை விரித்துக் காட்டினார். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் விரலிடுக்கில் அச்சு மை போகாதாம். தொடலாமா என்று கேட்டார். மொழிபெயர்ப்புதானே, தொடலாம் என்றோம்.

பெரியவருக்கு எழுத்து தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆகவே வியாழக்கிழமைகளில் அண்ணாச்சி உரக்கப் படிக்கிறார், பெரியவர் கேட்கிறார். இப்போது மர்யம் அத்தியாயத்தில் இருக்கிறார்கள். ஸகரிய்யா, யஹ்யா என்ற பெயர்களை அவர் தம் வேதத்தில் படித்த விதமாகவே உச்சரிக்கிறார். பெரியவர் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துகிறார். அவர் அடுத்த வரியில் மறுபடியும் பழையபடியே படிக்கிறார்.