ஆறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற பையனிடம் வயல் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் என்ன ஆனது என்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது :)

எங்களுக்கு லால்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அப்பா எப்போதும் பூவன் வாழையின் பக்கக்கன்றைத் தோண்டி எடுத்துத்தான் நடுவார். போன வருடம் திசு வளர்ப்புக் கன்று, அதாவது ஜி-9, போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார். 25 சென்ட், ஆறடிக்கு ஆறடி, 300 கன்று. வாங்கி வரும் பொறுப்பு எனக்கு.

நர்சரியில் இரண்டு விலை. பாலித்தீன் பையில் ஓரடி உயரம் வளர்ந்த கன்று 16 ரூபாய். குழித்தட்டில் இருக்கிற குட்டிக் கன்று 10 ரூபாய். எல்லாம் ஒரே லேபில் பிறந்ததுதானே, பையில் இரண்டு மாதம் வைத்திருந்ததற்கு ஆறு ரூபாயா? 300 கன்றுக்கு 1800 ரூபாய் மிச்சம்! உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார்.

வண்டியில் ஏற்றும்போது நர்சரிக்காரர், "தம்பி, இத நேரா வயல்ல வெச்சிடாதீங்க. நிழல்ல பழக்கி வைங்க" என்றார். பை கன்றை விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

சித்திரை முதல் வாரம் நட்டோம். அன்று மதியமே இலை தொங்கிவிட்டது. மூன்றாம் நாள் இலையில் காகிதம் மாதிரி வெள்ளைத் திட்டு. அப்புறம் ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினோம். இரண்டு வாரத்தில் 190 கன்று காலி.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன் (தேர்வு முடிந்த பிறகு பாடம் படிக்கிற ஆள் நான்). அந்தக் கன்று எங்கே வளர்ந்தது என்று பாருங்கள். பாட்டிலுக்குள். அங்கே ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். சாப்பாடாகச் சர்க்கரை ஊடகத்திலேயே கலந்திருக்கும். வெளிச்சம் சில ஆயிரம் லக்ஸ்தான். நம் ஊர் உச்சிவெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அப்படி சொகுசாக வளர்ந்த இலையின் மேல் மெழுகுப் படலம் சரியாகப் படிவதில்லை. இலைத்துளைகளுக்கு மூடவும் தெரியாது. ஆகவே வெயிலில் வைத்ததும் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வேரும் பிஞ்சு, அந்த வேகத்துக்கு உறிஞ்சித் தர முடியாது. காலடியில் தண்ணீர் நின்றாலும் செடி தாகத்தில் சாகும். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

பக்கக்கன்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தாய் மரத்தடியில் வெயிலையும் காற்றையும் பார்த்தே வளர்ந்தது. போதாததற்கு அடியில் கிழங்கு, அதாவது கையில் சேமிப்பு. அப்பாவின் நாற்பது வருட அனுபவம் எங்கே தவறியது என்றால் இங்கேதான். தவறியது என்றுகூடச் சொல்ல முடியாது, அவருக்கு வந்த தகவலை நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டு கட்டமாகப் பழக்குகிறார்கள். முதலில் பசுமைக்குடிலில், குழித்தட்டில், தென்னை நார்க்கழிவில் நாலைந்து வாரம். பிறகு பையில் மாற்றி, ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரம். ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் வந்த பிறகுதான் வயல். நான் வெட்டிய ஆறு ரூபாய் இந்த இரண்டாவது கட்டம்.

மறுபடி 190 குழித்தட்டுக் கன்று வாங்கினோம். இந்த முறை கொல்லையில் நிழல்வலை கட்டி, மண், மணல், தொழு உரம் கலந்து பையில் வைத்தோம். முதல் வாரம் வலைக்கு மேல் தென்னங்கீற்றும் போட்டு, காலை மாலை பூவாளியில் தெளித்தோம். அப்புறம் கீற்றை எடுத்துவிட்டோம். கடைசிப் பத்து நாளில் வலையையும் முதலில் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று விலக்கினோம். தண்ணீரையும் மெல்லக் குறைத்தோம், வாடவிடாமல். ஒரு விஷயம் கவனித்தேன். பழைய இலைகள் கடைசி வரை மெலிசாகவேதான் இருந்தன. வலைக்குக் கீழே புதிதாக வந்த இலைதான் தடிப்பாக, கரும்பச்சையாக வந்தது. பழக்குவது என்றால் இருக்கிற இலையை முரட்டு இலையாக்குவது மட்டுமல்ல, வெயிலுக்கு ஏற்ற புது இலை விடுவதற்குச் செடிக்கு நேரம் கொடுப்பது. அந்த நேரத்துக்குத்தான் ஆறு ரூபாய்.

ஆனிக் கடைசியில் நட்டோம். நாலே நாலு கன்றுதான் போனது.

இப்போது கணக்கு. மிச்சம் 1800. மறுபடி வாங்கிய கன்றுக்கு 1900. பை, வலை, எரு, மறு நடவுக் கூலி எல்லாம் எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. திசு வளர்ப்பின் முக்கிய லாபமே எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் போடும், ஒரே லோடாக வெட்டலாம் என்பது. எங்கள் வயலில் 110 மரம் முன்னால், மீதி பின்னால். வியாபாரி வந்து பார்த்து, "அரை லோடுக்கு யாருங்க வண்டி அனுப்புவா?" என்று விலையைக் குறைத்துத்தான் எடுத்தார்.

திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்க் கேட்டுவிட்டு வரலாம். நான் கால்குலேட்டரிடம் மட்டும் கேட்டேன்.

அப்பா இன்று வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சித்திர வெயிலு, என்ன பண்றது" என்று வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டார். நர்சரிக்காரர் சொன்னது அவருக்குத் தெரியாது. இதை அப்பா படிக்க மாட்டார். ஆனால் தங்கச்சி படிப்பாள், படித்த பத்தாவது நிமிடம் வீட்டில் ஒலிபரப்பாகிவிடும்.

அதனால் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்புகிறேன். அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.