மூட்டை சுமந்தவர் செய்த வேலை



தமிழ்த்துறை மலரில் விசைக்கும் ஆற்றலுக்கும் என்ன இடம் என்று வினவுவார் இருக்கலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே நம் கடமை. இயற்பியல் நம் துறையன்று. ஆயினும், முதலாண்டு மாணவர்க்கென நடைபெற்ற இணைப்பு வகுப்பொன்றில் நாம் பெற்ற பட்டறிவு, சொல்லைக் கற்பிப்போர் அனைவருக்கும் பயன்படுமென எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர் பலர், ஆங்கிலத்தில் நடைபெறும் இயற்பியல் வகுப்பில் முதல் மாதமே அஞ்சி ஒதுங்குகின்றனர். இதனைக் கண்டு வருந்திய இயற்பியல் துறை நண்பர், "கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கலைச்சொற்களின் பொருளை மட்டும் தாங்கள் விளக்கித் தர வேண்டும்" என்று எம்மை அழைத்தார். மகிழ்ந்தோம், உள்ளூர அஞ்சவும் செய்தோம். அவ்வச்சத்தின் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சொற்களிலிருந்தே தொடங்கினோம். வேகம் என்பது விரைவின் அளவை மட்டும் சொல்லும். திசைவேகமோ எத்திசை நோக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லும். அத்திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம். மாட்டை முடுக்கினான் என ஊரார் வழங்கும் சொல்லே அது. அம்மாற்றத்தை விளைவிப்பது விசை. பழந்தமிழில் விரைவையும் குறித்த இச்சொல், இன்று விரைவை மாற்றுவதற்குப் பெயராகிவிட்டது. பொருளிலுள்ள பருப்பொருளின் அளவு நிறை. புவி அதனை ஈர்க்கும் விசை எடை. நிலவுக்குச் சென்றால் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறை மாறாது. ஈழத்துத் தமிழ் நூல்களிலோ முன்னதைத் திணிவு என்றும், பின்னதை நிறை என்றும் வழங்குவர். சொல் ஒன்றே, கடல் கடந்தால் பொருள் வேறு. கலைச்சொல்லின் பொருள் அகராதியில் மட்டுமன்றி, அதனை வரையறுத்தோரின் உடன்பாட்டிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இயக்கம் நிலைத்திருக்க விசை வேண்டும் என்பதே மாணவர் பலரின் எண்ணமாக இருந்தது. தள்ளுவதை நிறுத்தினால் தள்ளுவண்டி நின்றுவிடுகிறதன்றோ? அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இவ்வாறே கருதினார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் இதனை மறுத்தார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா, எறியப்பட்ட பொருள் எறிந்தவனிடமிருந்து 'மைல்' எனும் ஒரு சாய்வைப் பெறுகிறது என்றும், காற்று போன்ற புறத்தடைகளே அதனைக் குறைக்கின்றன என்றும், வெற்றிடத்தில் அவ்வியக்கம் ஓயாது என்றும் எழுதினார். இதனைக் கேட்ட மாணவர் முகங்கள் மலர்ந்தன. ஆயினும் ஒன்றை உடனே சொல்லிவிட்டோம். அத்தகைய ஓயாத இயக்கம் எங்கும் காணப்படாமையால் வெற்றிடமே இல்லை என்று வாதிடுதற்கே இப்னு சீனா அக்கருத்தைப் பயன்படுத்தினார். அவர் நியூட்டனின் விதியைக் கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குதல் முறையன்று. சாய்தளங்களை ஆராய்ந்த கலீலியோவின் நூல் 1638இலும், விதிகளை வகுத்துரைத்த நியூட்டனின் நூல் 1687இலும் வெளிவந்தன. முன்னோரை உள்ளவாறே போற்றுதலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.

இவ்வாறு இயக்கமும் விசையும் இனிது முடிந்தன. மூன்றாம் நாள் வேலை என்னும் சொல்லுக்கு வந்தோம். விசை செயற்படும் திசையில் பொருள் இடம்பெயர்ந்தால்தான் வேலை. இடப்பெயர்ச்சி விசைக்குச் செங்குத்தாயின் வேலை சுழி என்று, நண்பர் எழுதித் தந்தவாறே கூறினோம். மூட்டையைத் தோளில் தாங்கிச் சமதரையில் சீராக நடப்பவரின் தாங்கும் விசை, அம்மூட்டையின்மீது வேலை எதுவும் செய்வதில்லை என்று எடுத்துக்காட்டும் தந்தோம்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, எங்கள் அத்தா மண்டியில் மூட்டை சுமக்கிறார்கள். இரவில் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். அவர்கள் வேலையே செய்யவில்லையா?" என்றான்.

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எமக்கு விடை தெரியவில்லை. "நாளை சொல்கிறோம்" என்று கூறி வெளியேறினோம். அன்று மாலை அவன் இயற்பியலை விட்டு வேறு பாடத்திற்கு மாற விண்ணப்பம் எழுதி வைத்திருப்பதாகவும் அறிந்தோம்.

அவ்விரவு எமக்கு உறக்கமில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் வேறோர் ஊரில் நாமும் இயற்பியல் வகுப்பில் சேர்ந்தவரே. வகுப்பில் நாம் எழுப்பிய ஒரு வினாவுக்குச் சிரிப்பே விடையாகக் கிடைத்தது. அதன்பின் வினா எழுப்பவில்லை. மூன்றாம் மாதம் தமிழுக்கு மாறிவிட்டோம். தமிழுக்கு வந்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. அஞ்சி வந்ததற்கு இன்றும் வருந்துகிறோம்.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் நண்பர் இல்லம் சென்று ஐயத்தைத் தீர்த்துக்கொண்டோம். வகுப்பில் அம்மாணவனையே கரும்பலகைக்கு அழைத்தோம். 50 கிலோகிராம் மூட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் ஆகியவற்றைப் பெருக்கி 735 ஜூல் என்று எழுதினான். அது மூட்டையில் நிலையாற்றலாகச் சேர்கிறது. ஒரு கிலோகலோரி என்பது ஏறத்தாழ 4184 ஜூல்; அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. "அப்படியானால் என் அத்தாவுக்கு ஏன் களைப்பு?" என்று அவனே கேட்டான்.

உடல் மேசையன்று என்றோம். மேசை மூட்டையைத் தாங்க எதனையும் செலவிடுவதில்லை. மனிதத் தசையோ, அசையாது தாங்கும்போதும் உள்ளே இடையறாது சுருங்கிச் செயற்பட்டுக்கொண்டே இருக்கிறது. தூக்கும்போதுகூடச் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கே வேலையாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. உன் தந்தையின் நெற்றி வியர்வை அவ்வெப்பத்தின் கணக்கு. சூத்திரம் மூட்டை பெற்றதை மட்டும் அளக்கிறது. சுமந்தவர் இழந்ததை அளக்க ஆற்றல் என்னும் சொல் வேண்டும். ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்பதே விதி. அவர் உண்ட சோற்றின் ஆற்றலில் ஒரு சிறு பங்கு வண்டியில் ஏறிய மூட்டையிலும், பெரும்பங்கு மண்டியின் காற்றிலும் சேர்ந்துவிட்டது; எங்கும் தொலைந்துவிடவில்லை.

பின்னர், எவரிடமும் சொல்லாத எம் பழைய கதையையும் அவ்வகுப்பில் சொன்னோம். எவரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழிந்து அம்மாணவன் துறைக்கு வந்தான். விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை என்றான். "அத்தாவிடம் எல்லாம் சொன்னேன், ஐயா. சமதரையில் நடப்பது வேலையில்லை என்ற கணக்கை மட்டும் மண்டி முதலாளியிடம் சொல்லிவிடாதே, கூலியைப் பிடித்துவிடுவார் என்றார்கள்" என்று கூறி, இம்முறை அவனே சிரித்தான். நாமும் சிரித்தோம்.

சொல்லுக்கு அறிவியல் ஒரு பொருள் தருகிறது. வாழ்க்கை ஒரு பொருள் தருகிறது. இரண்டையும் குழப்பாமலும், ஒன்றால் மற்றொன்றை இழிவுபடுத்தாமலும் கற்பித்தல் ஆசிரியர் கடன். நிலைமம் பொருளுக்கு மட்டும் உரியதன்று; வினாவை அடக்கிய மாணவனும் அவ்வாறே அமர்ந்துவிடுகிறான். அவனை அசைக்க ஒரு சிறு விசை போதும். அதனை உரிய நேரத்தில் தரும் நல்லாற்றலை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!