விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு

இம்ப்ளான்ட் வைத்த மார்பகத்துக்கு மேமோகிராம் எடுப்பது முழுக்கக் கைவேலை. மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும், படத்தின் தரம் என்னைப் போன்ற டெக்னீஷியனின் விரலில்தான் இருக்கிறது.

இம்ப்ளான்ட்டில் இருக்கும் சிலிகோன் எக்ஸ்ரேயில் வெள்ளைவெளேரென்று விழும். சுற்றியிருக்கும் திசு அந்த வெள்ளையில் மறைந்துபோகும். அதனால் ஒரு பக்கத்துக்கு வழக்கமான இரண்டு படம் போதாது. இம்ப்ளான்ட்டோடு இரண்டு, அதை ஒதுக்கிவிட்டு இரண்டு. ஆக இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. முதல் வகையில், அசையாமல் நிற்கும் அளவுக்கு மட்டுமே அழுத்துவேன்.

ஒதுக்கி எடுக்கும் முறையை 1988-இல் எக்லண்ட் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் எழுதிவைத்தார்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. திசுவை மெல்ல முன்னால் இழுத்துவரும்போது இம்ப்ளான்ட்டின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். அதை நெஞ்சுப் பக்கமாகத் தள்ளிவிட்டு, அழுத்தும் தட்டு இறங்கித் திசுவைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விரலை உருவுவேன். கொஞ்சம் அவசரப்பட்டாலும் இம்ப்ளான்ட் முன்னால் நழுவி வந்துவிடும். தசைக்கு அடியில் வைத்திருந்தால் ஒதுக்குவது சுலபம். சுற்றிலும் வடு இறுகியிருந்தால் நகராது. அங்கே பலத்தைக் காட்டவே கூடாது. பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்துவிட்டு, அல்ட்ராசவுண்டும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பேன்.

"உடைஞ்சிடுமா சிஸ்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. உடைவது மிக அரிது. எனக்குக் கவலை வேறு. 2004-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அறிகுறி இல்லாத பெண்களிடம் இருந்த புற்றுநோயில் மேமோகிராம் பிடித்தது, இம்ப்ளான்ட் இல்லாதவர்களில் சுமார் 67 சதவீதம், இருந்தவர்களில் 45. கட்டி கையில் தட்டுப்பட்டால், படம் சுத்தமாக இருந்தாலும் சும்மா இருந்துவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

இம்ப்ளான்ட் இருப்பதைப் படம் எடுக்க வருபவர் முதலிலேயே சொன்னால்தான் இதையெல்லாம் திட்டமிட முடியும். மாமியாரோ கணவரோ கூட வந்திருப்பார்கள். அதனால் கதவைச் சாத்திய பிறகே கேட்பேன். ஒருவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்கும் தெரியாது" என்றார். "ரிப்போர்ட்ல எழுதித்தாம்மா ஆகணும். உங்க கையில மட்டும் குடுக்கச் சொல்றேன்" என்றேன். கவுண்டரிலும் சொல்லிவைத்தேன்.

புற்றுநோய்க்காக முழு மார்பகத்தையும் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு அந்தப் பக்கம் வழக்கமாக மேமோகிராம் தேவைப்படாது, மறுபக்கத்துக்கு உண்டு. எந்த ஆபரேஷன், தசைக்கு மேலா கீழா என்று எழுதியிருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துவாருங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லிவிட்டால், எட்டுப் படத்துக்கான நேரத்தை ஒதுக்கிவைப்பேன்.