அமுக்கிய கையே நீவிவிடும்... கோலாப்பூர் குஸ்திக் கூடங்களில் ஒரு காலை!

கோலாப்பூர் என்றதும் மகாலட்சுமி கோயிலும் தோல் செருப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், விடியும் முன் பழைய நகரத்தின் தெருக்களில் நடந்தால், தொடையைத் தட்டும் 'பட்... பட்' சத்தம் கேட்கும். அங்கே ஒரு 'தாலிம்' இருக்கிறது என்று அர்த்தம்.

தாலிம் என்றால் குஸ்திக் கூடம். கங்காவேஸ், மோதிபாக் எனப் பெயர்பெற்ற பல கூடங்கள் இந்த ஊரில் உண்டு. சுவரில் அனுமன் படம், நடுவில் செம்மண் களம். மஞ்சள், மோர், எலுமிச்சைச் சாறு, எண்ணெய் கலந்து பதப்படுத்திய மண் அது. செருப்போடு யாரும் அருகே போவதில்லை.

மண்வெட்டியே வார்ம்-அப்!

பயில்வான்களின் முதல் வேலை, களத்து மண்ணைக் கொத்திக் கிளறுவது. தோளும் இடுப்பும் அதிலேயே சூடாகிவிடும். பிறகு தண்டால், பஸ்கி. எல்லாமே அசைவுகள்தான்.

இன்றைய விளையாட்டு மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. போட்டிக்குச் சற்று முன்னால், ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அதன் பலம் சிறிது நேரத்துக்குக் குறையலாம். கை கால்களை வீசி, குனிந்து நிமிர்ந்து உடலைச் சூடாக்குவதே நல்லது. நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குஸ்தி முடிந்த பிறகு...

பயிற்சி முடிந்ததும் காட்சி மாறுகிறது. சற்று முன் கழுத்தை வளைத்து அமுக்கிய அதே கை, இப்போது அந்தக் கழுத்தை இதமாக நீவிவிடுகிறது. இளையவர்கள் மூத்தவர்களுக்குப் பிடித்துவிடுவார்கள். சம வயதினர் மாறி மாறிச் செய்துகொள்வார்கள். எவ்வளவு அழுத்தலாம் என்பதை வஸ்தாது கற்றுத்தருவார்.

மசாஜ் செய்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது சுமார் ஒரு மணி நேரத்தில் தானாகவே குறைந்துவிடும். மசாஜ் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆனால், அடுத்த ஓரிரு நாள் இருக்கும் தசை வலியைக் கொஞ்சம் குறைக்கும். மனதுக்கும் தெம்பு தரும்.

போட்டிக்கு முதல் நாள், பழக்கமில்லாத ஒருவரிடம் அழுத்தமான மசாஜ் வேண்டாம். மறுநாள் உடம்பு வலிக்கக்கூடும். அதைவிட முக்கியமான ஒன்று: பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளையின் கணுக்கால் பிசகி வீங்கினால், 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று உடனே உருவிவிடாதீர்கள். உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடலாம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். காலை ஊன்ற முடியாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒலிம்பிக் வரை போன மண்

ஊருக்குள்ளேயே இருக்கிறது காஸ்பாக் மைதானம். ஷாஹு மகாராஜா கட்டிய குஸ்தி அரங்கம் இது. நடுவில் களம், சுற்றிலும் சரிவில் அமர்ந்து எல்லோரும் பார்க்கலாம். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்த கஷாபா ஜாதவ்தான், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தைக் கொண்டுவந்தவர்.

கோலாப்பூர் போகிறவர்கள் கோயிலுக்கு முன்பாக ஒரு தாலிமுக்குப் போய்வரலாம். வஸ்தாதிடம் அனுமதி கேட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். போட்டோவைவிட, அந்தக் கைகள் நீவும் விதத்தைக் கவனியுங்கள்!