எந்த ஊர் என்ற கேள்வி

ஆய்வுப் பணிக்காகச் சென்ற மாதம் பத்து நாள் மட்டாஞ்சேரியில் தங்கியிருந்தேன். கொச்சிக்கு வரும் எல்லாரையும் போல நானும் முதல் நாளே யூதத் தெருவின் கோடியிலுள்ள பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போனேன். 1568இல் கட்டப்பட்டது. தரையில் பதித்த சீனத்து நீல ஓடுகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என்னை நிறுத்தியது அந்தப் பெயர்தான். தமிழில் இன்று பரதேசி என்பது வசை. இங்கே அது, பின்னாளில் ஐபீரியாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து சேர்ந்த யூதர்களை, முன்பே வேரூன்றியிருந்த மலபார் யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்டிய பெயர். அந்தப் பிரிவினைக்குள் இருந்த நிற பேதமும் கசப்பும் தனிக் கதை, இங்கே விரிக்கவில்லை.

இந்தச் சமூகம் காத்துவந்த செப்பேடு ஒன்று உண்டு. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பானுக்கு வழங்கியது. எழுத்து வட்டெழுத்து, மொழி நம் கல்வெட்டுத் தமிழுக்கு மிக அருகில் நிற்பது. அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அதில் அளிக்கப்படுகின்றன. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை. சுங்கத்திலிருந்தும் துலாக்கூலியிலிருந்தும் விலக்கு. அவருக்குப் பின் மகன்களுக்கும், மகள்களுக்கும், மருமகன்களுக்கும், உலகும் நிலவும் உள்ள காலம்வரை. இதைப் பொற்காலச் சான்றாகக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அது ஒரு வணிகத் தலைவருக்குக் கிடைத்த சலுகை. அவருடைய சரக்கைச் சுமந்தவர்களுக்கு அப்படியொரு செப்பேடு கிடைக்கவில்லை. ஆயினும் உரிமை மகள் வழியாகவும் இறங்கும் என்று எழுதிய அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காரணம் சொந்தக் காரணம்.

1950இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, அதன் 5ஆம் உறுப்பின்படி, பரதேசி என்று அழைக்கப்பட்டவர்கள் இங்கே பிறந்து இங்கே நிலைத்திருந்த காரணத்தால் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். அதே ஆண்டு இஸ்ரேல் தன் திரும்புதல் சட்டத்தை இயற்றியது. பெரும்பாலோர் மெல்ல மெல்லப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். இருக்கவும் போகவும் அவர்களுக்கு வழி இருந்தது.

என் பெற்றோர் 1984இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அண்ணன் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தான். நான் 1990இல், அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்தேன். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். ஆகவே சட்டத்தின் கண்ணில் அண்ணன் இந்தியன், நான் அல்ல. மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் அண்ணனுக்கே இது தெரிந்தது. முப்பத்தாறு ஆண்டு தான் குடிமகன் என்று தெரியாமலே ஒரு குடிமகன் முகாமில் மாதந்தோறும் ஆள்கணக்குக்கு வரிசையில் நின்றிருக்கிறான். விண்ணப்பித்திருக்கிறான்; கோப்பு இன்னும் நகரவில்லை.

என் நிலை வேறு. அகதி என்ற சொல்லுக்கு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. உள்ள சொல் சட்டவிரோதக் குடியேறி: செல்லத்தக்க ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர். அந்த முத்திரை விழுந்தால் பதிவாலும் இயல்புரிமையாலும் குடியுரிமை கோர முடியாது. நான் எந்த எல்லையைக் கடந்து நுழைந்தேன்? மகப்பேறு அறையின் வாசலையா? கருத்தரங்குகளில் இதைக் கேட்டால் சிரிப்பு எழும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றது. இலங்கை அதில் இல்லை. கேரளச் சட்டமன்றம் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று அத்திருத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. மத பேதத்தை எதிர்த்த அந்த விவாதங்களில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் திருத்தம் இல்லாத பழைய சட்டமும் எங்களை வெளியேதான் நிறுத்தியிருந்தது என்பதை எதிர்ப்பாளர்களும் அதிகம் பேசவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை.

மட்டாஞ்சேரிக்கு வடக்கே, அதே எர்ணாகுளம் மாவட்டத்தில் முனம்பம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு படகில் புறப்பட்டார்கள். நியூசிலாந்துக்கு என்றார்கள். ஈழத்தமிழரும் தில்லியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் இருந்தனர். பிறகு செய்தி இல்லை. ஒரு மாலை அங்கே போய்ப் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியைத் தவிர எதுவும் எழுத முடியவில்லை.

கடைசி நாள், வெளியிலுள்ள தோபிகானாவுக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைக்கின்றன. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“எந்த ஊரும்மா?”

“நீங்க எந்த ஊர் ஐயா?” என்று தப்பிக்கப் பார்த்தேன்.

“இதே ஊர்தான். தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து. ஆனாலும் பாண்டின்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க, ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. நீ சொல்லும்மா.”

“மண்டபம்” என்றேன்.

“ராமேஸ்வரத்துக்கு முன்னால வருமே, அதா? அப்ப ராமநாதபுரத்துப் பொண்ணுன்னு சொல்லு” என்றவர், அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.