ரெண்டு கார்புரேட்டர், ஒரே டப்பா

ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு சனிக்கிழமை காலையில பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். நான் இருக்கிறது இங்கிலாந்துல, கவென்ட்ரியில. ஆன்சைட்னு வந்து மூணு வருஷம் ஆச்சு. தாத்தா உள்ளூர் வெள்ளைக்காரர், வயசு எண்பதைத் தொட்டாச்சு. "நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் கை கொடுக்க முடியுமா?" என்றார். நான் புடுங்குறது ஜாவா ஆணின்னு அவருக்கு எப்படிப் புரியவைக்கிறது? தலையை ஆட்டிட்டுப் பின்னாடியே போயிட்டேன்.

கராஜ்ல நின்னது 1967 எம்ஜிபி. கூரை இல்லாத ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆபிங்டன் ஊர்ல அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்ச வண்டி. 1.8 லிட்டர் இன்ஜின், அதுக்கு ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர். குளிர்காலம் முழுக்க சும்மா நின்னதுல பெட்ரோல் ஆவியாகி, கிண்ணத்துக்குள்ள பிசின் மாதிரி படிஞ்சிருந்தது. மிதவைக்கு மேல இருக்கிற குட்டி ஊசி வால்வு சரியா மூடலை, பெட்ரோல் வெளிய வழியுது. சின்ன வேலைதான். ஆனா தாத்தாவுக்குக் கை நடுக்கம்.

ரெண்டு தட்டைக் கொண்டுவந்து வச்சார். "ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததைத் தொடு"ன்னு சொல்லிட்டு டீ போட உள்ளே போனார். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே! காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டர் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, ஊதி மாட்டின ஆளாச்சே. நேரம் மிச்சமாகட்டும்னு ரெண்டையும் ஒண்ணாக் கழட்டி, எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு ஊற வச்சேன். அவர் வர்றதுக்குள்ள துடைச்சு, மாட்டியும் ஆச்சு.

பெட்ரோல் ஒழுகல் நின்னுடுச்சு. ஆனா ஆக்சிலரேட்டரை மிதிச்சா வண்டி இருமுது, தடுமாறுது. தாத்தா பொழுது சாயற வரைக்கும் கலவை நட்டைத் திருகித் திருகிப் பார்த்தார். ம்ஹூம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி உட்கார்ந்து படிச்சப்பதான் வயித்தைக் கலக்குச்சு. எஸ்யூல ஒரு பிஸ்டன் மேலயும் கீழயும் போகும். அதோட அடியில கூர்மையா மெலிஞ்சுபோற ஒரு ஊசி, ஜெட் துளைக்குள்ள தொங்கும். இன்ஜின் காத்தை இழுக்க இழுக்க பிஸ்டன் மேல எழும்பும், ஊசியும் கூடவே ஏறும், துளையில இடைவெளி அதிகமாகி அதுக்கேத்த பெட்ரோல் வரும். பிஸ்டன் அதோட கிண்ணத்துல உரசவும் கூடாது, காத்து கசியவும் கூடாது. அதனால ஃபேக்டரியிலயே ரெண்டையும் ஜோடி பார்த்துத்தான் போடுவாங்க. மாத்தி மாட்டவே கூடாது. நான் என்ன பண்ணினேன்? ஒரே டப்பா! ஸ்கூட்டர்ல இருந்தது ஒரே கார்புரேட்டர், மாறிப்போக வழியே இல்லை. அந்த அனுபவத்தை நம்பி வந்த வினை.

உடனே போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லலை. திங்கள், செவ்வாய் ஆபீஸ்ல ஆணி அதிகம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வாசல்ல பார்த்தார். "கைதான் போச்சுன்னு நினைச்சேன், இப்ப காதும் போயிடுச்சு போல. என்னால ட்யூன் பண்ண முடியலை. ஒருத்தர் விலைக்குக் கேட்டிருக்கார், கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

நான் பண்ணின தப்புக்கு அந்த மனுஷன் தன் காதைக் குத்தம் சொல்றார். அதுக்கு மேல தாங்கலைங்க. "தாத்தா, உங்க காது நல்லாத்தான் இருக்கு. பிஸ்டனை மாத்தி மாட்டினது நான். ஞாயித்துக்கிழமையே தெரியும்"னு சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ரெண்டு தட்டு வச்சேனே, பார்க்கலையா?" அவ்வளவுதான் கேட்டார். நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கழட்டினேன், இந்தத் தடவை ரெண்டு தட்டு. ஜோடி மாத்தி மாட்டி, மேல இருக்கிற டேம்பரைக் கழட்டிட்டு, பிஸ்டனை விரலால தூக்கி விட்டேன். ரெண்டுமே தங்குதடையில்லாம 'டக்'னு விழுந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் தாத்தா முகத்துல சிரிப்பு.

அப்புறம் எண்ணெய் விட்டு, இன்ஜினை நல்லா சூடாக்கி, ரப்பர் ட்யூபைக் காதுல வச்சு ரெண்டும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்'னு காத்தை இழுக்குதான்னு அவர் கேட்டார். பிஸ்டனை லேசா, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா, தூக்கிப் பார்த்தோம். வேகம் கூடி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தா கம்மி, கொஞ்சம் ஏறி பழைய நிலைக்கு வந்தா சரி. காது அவரோடது, ஸ்பேனர் பிடிச்ச கை என்னோடது. ஒவ்வொரு தடவையும் நட்டோட ஒரே ஒரு பட்டை அளவுதான் திருகவிட்டார்.

வண்டியை விக்கலை. கேட்டவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டாராம்.

பி.கு: வண்டி இருமினா உடனே கார்புரேட்டர் மேல பாயாதீங்க. முதல்ல ஸ்பார்க் பிளக், பாயின்ட், டைமிங் பாருங்க. அதைவிட முக்கியம், கடைசியா யார் கை வச்சாங்கன்னு கேளுங்க. அது நீங்களா இருந்தா அன்னைக்கே சொல்லிடுங்க.