ஐந்தாம் விலா இடைவெளி

ஆட்டு விலா காலை ஏழரைக்கே வந்துவிட்டது. துண்டு போடாமல், ஒரு பக்கத்துக் கூடு முழுசாக வேண்டும் என்று அறுவைசிகிச்சைத் துறையிலிருந்து முதல் நாளே கறிக்கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். கருத்தரங்க அறையின் மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் நான்கு விலாக்கூடுகள். உட்புறம் காற்றூதிக் கட்டிய கையுறை, அதுதான் நுரையீரல். மேலே மெல்லிய ஸ்பாஞ்ச், அது தோல். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு முதலாண்டு எம்.எஸ். மாணவர்.

அது நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அடிபட்டு வருபவரின் உயிரை முதல் அரைமணி நேரத்தில் தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இளம் டாக்டர்கள்தான். அவர்களுக்கு அந்தக் கைவேலை எப்படிப் பழக்கப்படுகிறது என்று பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் நான் அங்கே இருந்தேன்.

விலாவைத் தொடுவதற்கு முன், மாணவர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மற்றவர்கள் பேனாவால் அவர் பக்கவாட்டில் இடம் குறிக்க வேண்டும். முன்னால் மார்புத் தசையின் ஓரம், பின்னால் முதுகுத் தசையின் ஓரம், கீழே முலைக்காம்பு மட்டம், உச்சியில் அக்குள். இந்த முக்கோணத்துக்குள், ஐந்தாம் விலா இடைவெளியில்தான், நெஞ்சில் தேங்கிய காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றும் நெஞ்சுக்குழாய் போக வேண்டும். வார்டில் இதற்குப் பெயர் ஐ.சி.டி. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து நான்கு மாதமே ஆன மாணவி ஒருவர் இரண்டு விரற்கடை கீழே குறித்துவிட்டார். உதவிப் பேராசிரியர் குரலை உயர்த்தவில்லை. “அங்க போனா ஈரல்மா. எண்ணி எண்ணி மேல வா.”

பிறகு கத்தி. கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே போக வேண்டும். மேல் விலாவின் அடியில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெட்டு தோலோடு நின்றுவிடும். அதற்குள்ளே கத்திக்கு வேலையில்லை. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடியபடி நுழைத்து, விரித்து, தசையைப் பிளந்துகொண்டே போகிறார்கள். விலாக்கூட்டின் உள்ளுறை கிழியும்போது ‘பொட்’ என்று ஒரு சத்தம். அந்த நொடியில் கருவி உள்ளே பாய்ந்துவிடாதபடி ஆள்காட்டி விரல் முனையருகே தடையாக நிற்க வேண்டும். மாணவிக்கு முதல் தடவை விரல் நிற்கவில்லை. கையுறை நுரையீரல் புஸ்ஸென்று அடங்கியது. இரண்டாம் தடவை நின்றது. உடனே விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, தவறி வயிற்றுக்குள் வந்துவிட்டோமா என்பதை விரல்தான் சொல்லும். அதன் பிறகே குழாய்.

ஒன்பது மணிக்குள் ஒவ்வொருவரும் ஐந்து குழாய் போட்டிருந்தார்கள்.

ஆனால் கற்க வேண்டியவற்றில் இது சுலபமான பகுதி என்றார் ஆசிரியர். முதலாண்டில் அவர் கேட்பது கைத்திறனைவிட ஒழுங்கு. முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம், பிறகு நினைவு, கடைசியில் உடையை அகற்றி உடம்பு முழுக்கப் பார்ப்பது. எவ்வளவு கோரமான காயம் கண்ணெதிரே இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த சிறிய ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த ஆற்றாமையிலிருந்து பிறந்ததுதான், அடிபட்டவர்களைக் காக்க மருத்துவர்களுக்குத் தரும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி. 1978-இல் அதே மாநிலத்தில் முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆசிரியரிடம் சொந்தக் கதை உண்டு. அவர் முதலாண்டில் இருந்தபோது, வேறோர் ஊரில், மண்டை பிளந்து ரத்தம் கொட்டிய ஒருவரைப் பார்த்ததும் தலைக்கு சி.டி. எடுக்க அனுப்பிவிட்டார். ரத்தம் நிறையப் போயிருந்தது வயிற்றுக்குள். சி.டி. மேசையிலேயே நாடி நின்றுபோனது. “தலைக்காயம் என் கண்ணை இழுத்துக்கிச்சு. வயித்துல கை வைக்கல.” ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களிடம் அவர் இதைச் சொல்கிறார். தவறை மறைக்காத ஆசிரியர் கிடைப்பது மாணவர்களுக்குப் பெரிய பேறு.

இரவு பதினொன்று அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. 108 வண்டி ஒன்று வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், பைக்கில் வந்தவர். மிக அவசர நோயாளிகளுக்கான சிவப்புப் பகுதிக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையும்போதே மூன்றாமாண்டு மாணவர் கால்மாட்டில் போய் நின்றுகொண்டார். வழிநடத்துபவர் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் பார்க்கும் இடம் அது. காலையில் பார்த்த அதே முதலாண்டு மாணவிக்கு நெஞ்சுப் பக்கம். காண்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி.

“பேசுறார்ணா. மூச்சுப்பாதை சரி. வலது பக்கம் ஏறல. வலது பக்கம் காத்துச் சத்தம் இல்ல. கழுத்து நரம்பு புடைச்சிருக்கு.”

மானிட்டரில் ஆக்சிஜன் 84, நாடி 130, ரத்த அழுத்தம் 80. “எக்ஸ்ரே?” என்று கேட்டார் பயிற்சி மருத்துவர். “வேண்டாம். எக்ஸ்ரேல பாக்குற நோய் இல்ல இது,” என்றார் மூன்றாமாண்டு மாணவர். கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியேற வழியின்றி இதயத்தை நெருக்குகிறது. படம் எடுக்கும் நேரத்தில் ஆள் போய்விடுவார். அவரே முன்னால் வந்து ஊசி குத்திக் காற்றைத் திறந்துவிட்டார். “இப்ப நீ குழாய் போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

மாணவியின் இடது விரல் விலாக்களை எண்ணியது. உதடும் கூடவே எண்ணியது. மரப்பு மருந்து, வெட்டு, ஃபோர்செப்ஸ். ஆள்காட்டி விரல் முனையருகே அசையாமல் நின்றது. விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார், குழாயைச் செலுத்தினார். குழாயின் மறுமுனை மூழ்கியிருந்த பாட்டில் தண்ணீரில் குமிழிகள் கொதித்தெழுந்தன. குழாயில் ரத்தமும் கொஞ்சம் வந்தது. ஆக்சிஜன் 95-க்கு ஏறியது. அழுத்தம் மட்டும் ஏறவில்லை. அப்படியானால் ரத்தம் வேறெங்கோ போகிறது. நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை, வெளியே தரை என்று தேடும் இடங்களையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்ததும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. தியேட்டருக்குப் போன் போனது. சிஸ்டர் ஓ குரூப் ரத்தத்தை ஏற்றத் தொடங்கினார்.

“எத்தனை மணிக்கு அடிபட்டுச்சு?” மாணவியின் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை மலிவான மருந்துக்காக அவர் அதைக் கேட்டார். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயப்பட்டோரிடம் நடந்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இது இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம் என்று அடுத்த ஆண்டு தெரியவந்தது. மாணவி வாசலுக்கு ஓடினார். வண்டியில் கூடவே வந்த டீக்கடைக்காரர் சட்டையில் ரத்தத்தோடு நின்றிருந்தார். “கடைய எடுத்து வெக்கிற நேரம் மேடம். பத்தேகால்.” ஒரு கிராம் மருந்து பத்து நிமிடத்தில் உள்ளே போனது.

ஆள் தியேட்டருக்குப் போனார். மாணவியும் பின்னாலேயே போக விரும்பியது முகத்தில் தெரிந்தது. அடுத்த வண்டி வந்துவிட்டதால் போகவில்லை.

மறுநாள் காலையில் நான் பார்த்த வேலைதான் என் மனதில் அதிகம் தங்கியது. ஐ.சி.யு.வில் இருந்த அதே ஆளை மாணவி உச்சி முதல் பாதம் வரை மீண்டும் தடவிப் பார்த்தார், முடிக்குள், காது மடலுக்குப் பின்னால், ஒவ்வொரு விரலாக. உயிர் காக்கும் அவசரத்தில் சின்னக் காயங்கள் தப்பிவிடும். அவற்றைத் தேடுவது முதலாண்டு மாணவர் பொறுப்பு. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு. கவனிக்காமல் விட்டிருந்தால், பிழைத்தெழுந்தவர் கை கோணலோடு காலம் முழுக்க இருந்திருப்பார்.

அதன் பிறகு மாணவி தன் பயிற்சிப் பதிவேட்டை எடுத்தார். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று அதில் பிரிவுகள் உண்டு. ஐ.சி.டி.க்கு எதிரே மூன்றாவதில் முதல் பதிவு விழுந்தது. மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு அவசரப்பட்டுத் தள்ளப்படும் மாணவரால் நோயாளிக்கு ஆபத்து. பக்கத்தில் நிற்க ஒரு மூத்தவர் எந்த நேரமும் இருக்க வேண்டும். விலாக்கூட்டுப் பயிற்சி ஏதோ ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை நம்பி நடக்காமல் எல்லாக் கல்லூரியிலும் கட்டாயமாக நடக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கியது. அந்தப் பணம் பலன் தருவது ஸ்ட்ரெச்சர் அருகே நிற்கும் இருபத்தாறு வயதுக் கையைப் பொறுத்தது.

முந்தைய இரவு டீக்கடைக்காரர் நள்ளிரவு தாண்டியும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ் கேட்குமோ என்ற பயம். மாணவி வெளியே வந்து, “நீங்க வீட்டுக்குப் போலாம்யா, நீங்க நேரம் சொன்னதுதான் உதவியா இருந்துச்சு,” என்று சொல்லி அனுப்பினார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வகுத்த விதிகள், உதவ வந்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சிக்கு வரும்படியோ கட்டாயப்படுத்த முடியாது என்கின்றன. சாலையில் யாராவது அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். அப்படியே கடிகாரத்தையும் பார்த்து, அந்த நேரத்தை வண்டியில் வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.